நமக்குள்ளே பறக்கும் பொறிகள்: பாட்டில் மருந்தா, புகைபோக்கியா?



வாழைக்காயை நறுக்கியதும் தண்ணீரில் போடுகிறோம். ஏன்? வெளியே வைத்தால் கொஞ்ச நேரத்தில் கறுத்துப் போகும். கத்தரிக்காயும் அப்படித்தான். மழையில் நனைந்து கிடந்த மண்வெட்டி துருப்பிடித்துப் போகிறது. போன தீபாவளிக்கு வாங்கி மிச்சம் வைத்த கடலை எண்ணெயைத் திறந்தால் குப்பென்று சிக்கு வாடை அடிக்கிறது.

காய் கறுப்பதும், இரும்பு துருப்பிடிப்பதும், எண்ணெய் சிக்கு அடிப்பதும் வேறு வேறு சங்கதி மாதிரித் தெரியும். ஆனால் மூன்றிலும் வேலை செய்கிற ஆள் ஒன்றுதான். காற்றில் இருக்கிற ஆக்ஸிஜன்! எது இல்லாவிட்டால் நாம் ஐந்து நிமிஷம் உயிரோடு இருக்க முடியாதோ, அதே ஆக்ஸிஜன்தான். உயிர் கொடுக்கிற அதுவே நம் உடம்பையும் கொஞ்சம் கொஞ்சமாகத் 'துருப்பிடிக்க' வைக்கிறது என்றால் நம்புவீர்களா? டாக்டர்கள் இதை 'ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்' என்கிறார்கள். அழுத்தம் என்றவுடன் பிரஷர் என்று நினைத்துவிட வேண்டாம். ரத்த அழுத்தம் வேறு, இது வேறு.

இந்தப் பெரிய வார்த்தை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. கிராமத்துக்குக் கிராமம் பாட்டிலோடும் பவுடர் டப்பாவோடும் ஆட்கள் வருகிறார்கள். "அக்கா, இது ஆன்டி-ஆக்ஸிடன்ட். உடம்பில் இருக்கிற கெட்டதை எல்லாம் இழுத்துக்கும். சுகர், மூட்டுவலி, கேன்சர் எதுவும் கிட்ட வராது" என்று பேசுகிறார்கள். பத்துப் பேரைச் சேர்த்துவிட்டால் கமிஷன் என்கிறார்கள். வட்டி கட்டி வாங்குகிற உள்கடனை இதற்கு எடுக்கலாமா, கூடாதா என்று குழுவில் பேச்சு வரும்போது, அந்த வார்த்தையின் உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

உடம்புக்குள் ஒரு அடுப்பு

நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. அநேகமாக ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சின்னச் சின்ன அடுப்புகள் இருக்கின்றன. மைட்டோகாண்ட்ரியா என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிப்பார்களே, அதுதான். நாம் சாப்பிடுகிற சோறும் களியும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேருகின்றன. மூச்சில் இழுக்கிற ஆக்ஸிஜனும் அங்கேதான் போகிறது. இரண்டும் சேர்ந்து எரிந்துதான் நாம் நடக்கவும் நாற்று நடவும் பலம் கிடைக்கிறது.

அடுப்பு எரிந்தால் பொறி பறக்கும் இல்லையா? இந்த அடுப்பிலும் பறக்கும். ஆக்ஸிஜனில் மிகச் சிறு பங்கு முழுசாக எரியாமல், அரைகுறையாக வெளியே தெறிக்கிறது. இதற்கு 'ஃப்ரீ ராடிகல்' என்று பெயர். வாயில் நுழையாது, நாம் 'பொறி' என்றே வைத்துக்கொள்வோம். பொறி என்ன செய்யும்? பக்கத்தில் இருக்கிற எதன் மேலும் விழும். செல்லைச் சுற்றியிருக்கிற கொழுப்புச் சவ்வில் விழுந்தால், அந்தக் கொழுப்பு நம் பழைய கடலை எண்ணெய் மாதிரியே சிக்கு அடித்துப் போகும். புரதத்தில் விழுந்தால் புரதம் முறுக்கிக்கொண்டு வேலைக்கு ஆகாமல் போகும். மரபணுவில் விழுந்தால் அதில் எழுத்து மாறிப்போகும். அந்த மாற்றம் என்றைக்காவது புற்றுநோய்க்கு விதையாகலாம்.

அப்படியென்றால் நாம் எப்படி அறுபது எழுபது வருஷம் வாழ்கிறோம்? பொறியை அணைக்க உடம்பே ஆள் வைத்திருக்கிறது. 1969-ல் அமெரிக்காவில் மெக்கார்ட், ஃப்ரிடோவிச் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அப்படி ஒரு காவல்காரனைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். சூப்பர் ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் என்று அதற்குப் பெயர். 'கேட்டலேஸ்' என்று இன்னொன்றும் உண்டு. அதை நீங்களே கண்ணால் பார்த்திருப்பீர்கள். புண்ணைக் கழுவ நர்ஸம்மா ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஊற்றும்போது வெள்ளையாக நுரை பொங்குமே, அது அந்தக் கேட்டலேஸ் செய்கிற வேலைதான். பெராக்ஸைடைப் பிடித்துத் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் உடைத்துவிடுகிறது. நம் ரத்தத்திலும் தசையிலும் இந்தக் காவல் ராத்திரி பகலாக நடக்கிறது.

இவற்றை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. கடையில் வாங்கத் தேவையில்லை. நெல்லிக்காய், கொய்யா, கீரை, நிலக்கடலை மாதிரி சாப்பாட்டிலிருந்து வருகிற வைட்டமின் 'சி', 'இ' போன்றவை இவற்றுக்குக் கூட நின்று உதவுகின்றன.

பொறி அதிகமாகி, அணைக்கிற ஆள் போதாமல் போனால் அதுதான் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம். ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்முட் சீஸ் என்ற அறிவியலாளர் 1985-ல் இந்தப் பெயருக்குத் தெளிவான விளக்கம் கொடுத்தார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பொறி எல்லாமே எதிரி இல்லை. நம் ரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்கள் கிருமியைப் பிடித்தவுடன், வேண்டுமென்றே பொறியைக் கிளப்பித்தான் அதைக் கொல்கின்றன. இந்தத் திறமை இல்லாமல் பிறக்கிற குழந்தைகள் உண்டு. அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டியும் நிமோனியாவும் வரும். ஆக, பொறியை முழுசாக அணைத்துவிட்டால் நல்லது என்று சொல்கிற ஆள் பாதிதான் தெரிந்தவர். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான் பீடி பிடிச்சதில்லையே!

"நான் ஒரு பீடிகூடத் தொட்டதில்லை. எனக்கு ஏன் இப்படி இளைக்குது?" மருத்துவ முகாம்களில் ஐம்பது வயதைத் தாண்டிய அக்காமார்கள் கேட்கிற கேள்வி இது. டாக்டர் பதிலுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்பார். "எத்தனை வருஷம் விறகடுப்பு ஊதினீங்க?"

முப்பது வருஷம், நாற்பது வருஷம் என்று பதில் வரும்.

புகையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் இருக்கிறது. கரியமில வாயுவைவிட மோசமான கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது. இவற்றோடு நாம் மேலே சொன்ன பொறிகள், அதாவது ஃப்ரீ ராடிகல்கள், ரெடிமேடாகவே புகையில் இருக்கின்றன. உடம்பின் உள் அடுப்பில் பறக்கிற பொறி போதாதென்று வெளி அடுப்பிலிருந்தும் பொறியை உறிஞ்சி உள்ளே அனுப்புகிறோம். சிகரெட் பிடிக்கிறவருக்கு நடப்பதும் இதேதான். அவர் காசு கொடுத்து வாங்குகிறார். நமக்கு சோறு பொங்குகிற வேலையோடு சும்மா வருகிறது.

நுரையீரலுக்குள் புகை போனதும் வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. ஏதோ கிருமி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவையும் தங்கள் பங்குக்குப் பொறியைக் கிளப்புகின்றன. கூடவே, எதையும் கரைத்துவிடுகிற ஒரு நொதியையும் கக்குகின்றன. அந்த நொதி நம் நுரையீரலையே கரைத்துவிடாமல் தடுக்க ஒரு காவல் புரதம் இருக்கிறது. புகையில் வந்த பொறி நேரே போய் அந்தக் காவல் புரதத்தைத்தான் செயலிழக்க வைக்கிறது! வேலியை உடைத்துவிட்டு மாட்டை அவிழ்த்துவிட்ட கதைதான் அப்புறம். நுரையீரலில் பலூன் மாதிரி விரிந்து சுருங்குகிற சின்னச் சின்னக் காற்றுப்பைகளின் சுவர் கரைகிறது. பல சின்னப் பைகள் உடைந்து, தொளதொளவென்று ஒரு பெரிய பையாகிறது. உள்ளே இழுத்த காற்று வெளியே வர மறுக்கிறது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நாலு எட்டு நடந்தால் மூச்சு முட்டுகிறது. இதற்கு 'நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்' என்று பெயர். கரைந்த பை திரும்ப முளைக்காது. ஆனால் புகையை நிறுத்தினால் மேற்கொண்டு கரைவது மெதுவாகும். அது பெரிய விஷயம்.

வீட்டுக்குள் புகைகிற அடுப்பால் 2020-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. இதில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தைகள். அடுப்பங்கரையில் நம் இடுப்பில் உட்கார்ந்திருக்கிற அதே வயதுக் குழந்தைகள்.

சுகரும் இதே கதைதான்

சர்க்கரை நோயைப் பற்றி நம் இதழில் பலமுறை படித்திருப்பீர்கள். கண், சிறுநீரகம், கால் நரம்பு என்று ஒரே நோய் ஏன் இத்தனை இடத்தைக் கெடுக்கிறது என்று யோசித்ததுண்டா? அடுப்பில் விறகை அளவுக்கு மீறித் திணித்தால் என்ன ஆகும்? நின்று எரியாமல் புகையும் பொறியுமாக வரும். ரத்தத்தில் சர்க்கரை ஏறிப்போகும்போது, ரத்தக் குழாயின் உள்சுவரில் இருக்கிற செல்களால் அதை 'வேண்டாம்' என்று தள்ள முடிவதில்லை. உள்ளே திணிகிறது. மைட்டோகாண்ட்ரியாவில் பொறி அதிகமாகிறது. சின்னச் சின்னக் குழாய்கள் நிறைந்த இடம் எதுவோ அது முதலில் கெடுகிறது. கண்ணின் பின்திரையும் சிறுநீரகமும் அப்படிப்பட்ட இடங்கள். கால் நரம்புக்குப் போகிற குழாய்களும் அப்படித்தான்.

மாரடைப்பிலும் பொறிக்குப் பங்கு உண்டு. ரத்தத்தில் ஓடுகிற கெட்ட கொழுப்பு சிக்கு அடித்துப் போய்விட்டால், வெள்ளை அணுக்கள் அதை விழுங்கி விழுங்கி ஊதிப்போய்க் குழாய்ச் சுவரிலேயே படிந்துவிடுகின்றன. அடைப்பு அப்படித்தான் ஆரம்பிக்கிறது. கண்புரையிலும், வயதாவதிலும்கூட இதன் கை இருக்கிறது. 1956-லேயே டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்கர், மனிதருக்கு முதுமை வருவதே இந்தப் பொறிகளால்தான் என்று எழுதினார். அது முழு உண்மை இல்லை என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அந்த யோசனையிலிருந்துதான் பாட்டில் வியாபாரமும் பிறந்தது!

அப்போ பாட்டில் வாங்கினால் என்ன?

நியாயமான கேள்வி. பொறிதான் காரணம் என்றால் பொறியை அணைக்கிற மாத்திரையைச் சாப்பிட்டால் போயிற்று. விஞ்ஞானிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். நினைத்ததோடு நிற்காமல் ஆயிரக்கணக்கான பேருக்குக் கொடுத்தும் பார்த்தார்கள். பாட்டில் விற்க வருகிறவர் சொல்லாமல் விடுகிற கதை இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பின்லாந்து நாட்டில் சிகரெட் பிடிக்கிற 29,133 ஆண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலருக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தார்கள். கேரட்டுக்கும் பப்பாளிக்கும் ஆரஞ்சு நிறம் கொடுப்பது அதுதான். சிலருக்கு வைட்டமின் 'இ', சிலருக்கு இரண்டும், சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. ஐந்து முதல் எட்டு வருஷம் பார்த்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது!

அமெரிக்காவிலும் 18,314 பேரிடம் ஒரு ஆய்வு நடந்தது. அவர்கள் புகை பிடிக்கிறவர்கள், முன்பு பிடித்தவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் வேலை செய்தவர்கள். பீட்டா கரோட்டினோடு வைட்டமின் 'ஏ' சேர்த்துக் கொடுத்தார்கள். அங்கே 28 சதவீதம் அதிகம். பயந்துபோய் 1996-ல், குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்னதாகவே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

மாரடைப்புக்கு? 9,541 பேருக்கு வைட்டமின் 'இ' கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2000-ம் ஆண்டில் வந்தது. பயன் இல்லை. கர்ப்பிணிகளுக்கு வருகிற பிரஷர், வீக்கம், வலிப்பு இவற்றைத் தடுக்குமா என்று இங்கிலாந்தில் 'சி', 'இ' இரண்டையும் அதிக அளவில் கொடுத்தார்கள். 2006-ல் வந்த முடிவு: தடுக்கவில்லை. எடை குறைந்த குழந்தைகள்தான் கூடுதலாகப் பிறந்தன.

நம் பக்கத்திலும் பார்த்தார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்களும் அமெரிக்க டாக்டர்களும் சேர்ந்து, கிராமத்து மக்கள் 798 பேரிடம் ஆய்வு செய்தார்கள். நம்மைப் போல காய்கறி, பழம் குறைவாகச் சாப்பிடுகிற மக்கள். 'சி', 'இ', பீட்டா கரோட்டின் மூன்றையும் வாரம் மூன்று முறை, ஐந்து வருஷம் கொடுத்தார்கள். கண்புரை முற்றுவது குறையவில்லை என்று 2006-ல் எழுதினார்கள். சத்துக்குறைவு உள்ளவர்களுக்காவது மாத்திரை உதவும் என்ற எண்ணத்தையும் இந்த ஆய்வு தாங்கவில்லை.

இப்படி நடந்த 78 ஆய்வுகளை, மொத்தம் 2,96,707 பேரின் கணக்கை, ஒன்றாகச் சேர்த்து 2012-ல் பார்த்தார்கள். ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரை ஆயுளைக் கூட்டவில்லை. பீட்டா கரோட்டினும் வைட்டமின் 'இ'யும் சாவைக் கொஞ்சம் கூட்டுவது போலத்தான் தெரிந்தது.

ஒரேயடியாக எல்லாமே வீண் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். வயதானவர்களுக்கு வருகிற விழித்திரை மையத் தேய்வு என்ற கண் நோயில், துத்தநாகம் சேர்ந்த ஒரு வைட்டமின் கலவை நோய் முற்றுவதை 25 சதவீதம் குறைத்தது என்று 2001-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் அது கண் டாக்டர் பரிசோதித்து, இன்ன நிலைக்கு இன்ன அளவு என்று எழுதிக் கொடுப்பது. எல்லாருக்கும் எல்லா நோய்க்கும் என்று கூட்டத்தில் விற்பது அல்ல.

ஏன் இப்படித் தோற்றது? முன்னால் கவனத்தில் வைக்கச் சொன்னேனே, உடம்புக்குக் கொஞ்சம் பொறி தேவை என்று, அது ஒரு காரணம். உடற்பயிற்சி செய்தால் சர்க்கரை கட்டுப்படுவதே, தசையில் கொஞ்சம் பொறி கிளம்பி 'காவலைக் கூட்டு' என்று உடம்புக்குச் சேதி சொல்வதால்தான் என்கிறார்கள். ஜெர்மனியில் இளைஞர்களை நான்கு வாரம் பயிற்சி செய்ய வைத்து, பாதிப்பேருக்கு 'சி', 'இ' மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் பயிற்சியால் வர வேண்டிய அந்த நன்மை வரவில்லை. 2009-ல் வெளியான ஆய்வு இது. நாள் முழுக்க வயலில் குனிந்து நிமிர்கிற உழைப்பின் பலனை, காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்கிற மாதிரி ஆகிவிடும்!

இன்னொரு காரணமும் உண்டு. பொறியை அணைத்த வைட்டமின் 'இ' தானே அரைப் பொறியாகிவிடுகிறது. அதை 'சி' வாங்கி அணைக்க வேண்டும். அதற்கப்புறம் இன்னொன்று வாங்க வேண்டும். கல் சுமக்கும்போது வரிசையில் நின்று கைமாற்றி விடுகிறோமே, அது மாதிரி. ஒருவர் கையில் மட்டும் நூறு கல்லைத் திணித்தால் வேலை ஓடாது. முருங்கைக்கீரையிலும் நெல்லிக்காயிலும் இவை எல்லாம் அளவோடு, கலந்து இருக்கின்றன. நாளைக்கு 400 கிராம் காய்கறி, கீரை, பழம் சாப்பிடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பில் மிதக்கிற நாலு துண்டு முருங்கைக்காய் அந்தக் கணக்கில் கால்வாசிகூட வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருந்தால் நமக்கு என்று வைத்துக்கொண்டால் அந்த நாலு துண்டும் கிடைக்காது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. கர்ப்பிணிகளுக்கு நர்ஸம்மா கொடுக்கிற இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரையும், குழந்தைக்கு ஊற்றுகிற வைட்டமின் 'ஏ' சொட்டு மருந்தும் வேறு. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அவற்றை நிறுத்திவிடாதீர்கள்! அவை இல்லாத சத்தை ஈடுகட்டுகிற மருந்து. அதேபோல புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த ஆன்டி-ஆக்ஸிடன்ட் பவுடரையும் சாப்பிடக் கூடாது.

பாட்டிலின் மேல் உணவு உரிம எண் அச்சடித்திருப்பதைக் காட்டி "பாருங்கக்கா, அரசாங்கமே ஒத்துக்கிட்டது" என்பார்கள். அது உணவுப் பொருள் தயாரிக்க வாங்கிய உரிமம். முறுக்கு பாக்கெட்டிலும் அதே மாதிரி எண் உண்டு. நோயைத் தீர்க்கும் என்பதற்குச் சான்று அல்ல. சர்க்கரை நோய், புற்றுநோய், கண்புரை போன்றவற்றைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்திருக்கிறது. அடுத்த முறை யாராவது வந்தால், "நீங்க சொல்றதை இந்தத் தீர்மான நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போடுங்கண்ணே" என்று கேட்டுப் பாருங்கள்.

புகைபோக்கி செய்த வேலை

சீனாவில் யுன்னான் மாகாணத்தில் சுவான்வெய் என்று ஒரு பகுதி. அங்கே வீட்டுக்குள்ளேயே குழி வெட்டி, புகைகிற நிலக்கரியைப் போட்டுச் சமைப்பார்கள். புகை போக வழி கிடையாது. பெண்கள் அநேகமாகப் புகை பிடிப்பதே இல்லை. ஆனாலும் நுரையீரல் புற்றுநோய் அங்கே மிக அதிகம். பிறகு பல வீடுகளில் புகைபோக்கி வைத்த அடுப்பு கட்டினார்கள். 21,232 விவசாயிகளின் கணக்கைப் பார்த்தபோது, புகைபோக்கி வைத்த வீடுகளில் நுரையீரல் புற்றுநோய் ஆண்களுக்கு 41 சதவீதமும் பெண்களுக்கு 46 சதவீதமும் குறைந்திருந்தது. 2002-ல் இது வெளிவந்தது. பலன் தெளிவாகத் தெரிய சுமார் பத்து வருஷம் ஆனது. மாத்திரை கூட்டிய நோயை ஒரு குழாய் கிட்டத்தட்ட பாதியாகக் குறைத்திருக்கிறது!

நம் ஊரிலும் 1983 முதல் 2002 வரை புகையில்லா அடுப்புத் திட்டம் நடந்தது. மூத்த அக்காமார்களுக்கு ஞாபகம் இருக்கும். களிமண் அடுப்பு, கூரைக்கு மேலே குழாய். பல வீட்டில் குழாயில் கரி அடைத்துக்கொண்டு, புகை திரும்ப வீட்டுக்குள்ளேயே வந்தது. துடைக்கச் சொல்லித்தர ஆளில்லை, அடுப்பைக் கைவிட்டோம். 2006-07-ல் தமிழக அரசின் இலவச எரிவாயு அடுப்பு, 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா இணைப்பு என்று வந்த பிறகு நிலைமை எவ்வளவோ தேவலை.

ஆனால் சிலிண்டர் இருக்கிற வீட்டிலும் வெந்நீர் போடவும், நெல் அவிக்கவும், மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சவும் விறகுதானே? சிலிண்டர் விலையைப் பார்த்தால் குறை சொல்லவும் முடியவில்லை.

கேஸ் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டக் கர்ப்பிணிகளும், மூன்று வெளிநாட்டுக் கர்ப்பிணிகளும் சேர்ந்து 3,200 பேரை வைத்து நடந்த ஆய்வில், பாதிப்பேருக்கு அடுப்பும் கேஸும் இலவசமாகக் கொடுத்தார்கள். விறகில் சமைத்தவர்கள் சுவாசித்த நுண்துகள் 70 மைக்ரோகிராம் என்றால், கேஸ்காரர்களுக்கு 24-ஆகக் குறைந்தது. ஆனாலும் பிறந்த குழந்தையின் எடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று 2022-ல் முடிவு வந்தது. எடைக்குச் சாப்பாடு, ரத்தசோகை என்று வேறு பல காரணங்களும் உண்டு. நாற்பது வருஷம் ஊதிய நுரையீரலின் கணக்கு வேறு.

பலகாரம் போடுகிற குழுக்கள் அடுப்புப் புகையோடு எண்ணெயையும் கவனிக்க வேண்டும். காய்ந்த எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது நாம் பார்த்த அதே சிக்குதான் வேகமாக நடக்கிறது. கறுத்து, பிசுபிசுத்து, நுரை கட்டினால் அந்த எண்ணெய் முடிந்தது. புது எண்ணெயை அதோடு கலந்து 'நீட்டி' ஓட்டுவது புது எண்ணெயையும் கெடுக்கிறது. 2018 ஜூலை 1 முதல் எண்ணெயில் 'போலார்' பொருள்கள் 25 சதவீதத்துக்கு மேல் போனால் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் துறை விதி வைத்திருக்கிறது. அதிகாரி கருவி வைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

விறகடுப்பை விட முடியாத வீட்டில் என்ன செய்யலாம்? வெந்நீர் அடுப்பையும் நெல் அவிக்கிற அடுப்பையும் வாசலுக்கோ கொல்லைக்கோ கொண்டுபோய்விடுங்கள். ஈர விறகு எரியாது, புகையும். ஒரு மழைக்காலத்துக்கு வேண்டிய விறகை வெயில் காலத்திலேயே காயவைத்து மூடி வையுங்கள். பருப்பை ஊறவைத்து, பாத்திரத்தை மூடி வேகவைத்தால் அடுப்பு முன்னால் உட்காருகிற நேரம் குறையும். அடுப்புக்கு நேர் மேலே கூரையில் புகை போக வழி வேண்டும். குழாய் இருந்தால் மாதம் ஒருமுறை, அடுப்பு ஆறிய பிறகு, நீளக் குச்சியில் சாக்குத்துணி கட்டிக் கரியைத் தள்ளிவிடுங்கள். பாட்டிலுக்குக் கேட்கிற உள்கடனைப் புகைபோக்கிக் குழாய்க்கோ, சிலிண்டர் நிரப்பவோ கேட்டால் குழு யோசிக்காமல் கொடுக்கலாம் என்பது என் கருத்து. பச்சைக் குழந்தையை அடுப்பு எரிகிற நேரத்தில் பாட்டியிடமோ பெரிய பிள்ளையிடமோ வெளியே விடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், காசநோயா என்று தெரிந்துவிடும். அது இல்லை என்றாகி, இளைப்பு மட்டும் தொடர்ந்தால், ஒரு குழாயில் பலமாக ஊதச் சொல்லிப் பார்க்கிற பரிசோதனை பெரிய மருத்துவமனைகளில் உண்டு. வலி கிடையாது, ஊசி கிடையாது. அடைப்பு இருப்பது உறுதியானால் இன்ஹேலர் எழுதிக் கொடுப்பார்கள். "அதைப் பிடிச்சா பழகிடும், அப்புறம் விட முடியாது" என்று பயந்து, முந்தானைக்குள் ஒளித்து வைத்துவிட்டு மாத்திரை மட்டும் விழுங்குகிற அக்காமார்கள் நிறைய. அது அடிமையாக்குகிற மருந்து இல்லை. நேராக நுரையீரலுக்கே போவதால் மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவே போதும். எப்படி இழுப்பது என்று நர்ஸம்மாவிடம் ஒருமுறை செய்து காட்டச் சொல்லி, அவர் முன்னாலேயே நீங்களும் ஒருமுறை இழுத்துக் காட்டிவிட்டு வாருங்கள்.